எண்ணூறு கிலோமீற்றர் தெற்கே: கற்பனை நாவல்களில் எமது தீவு

1

1979ஆம் ஆண்டு இலங்கையின் எதிர்காலத்தைப் பற்றி இரண்டு எழுத்துகள் வெளிவந்தன. ஒன்று ஆர்தர் சி. கிளார்க் எழுதிய 'த பவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' என்ற அறிவியல் புனைகதை. தீவின் மலையுச்சி ஒன்றிலிருந்து விண்வெளிவரை ஒரு மின்தூக்கி கட்டப்படும் கதை. நடப்பது 22ஆம் நூற்றாண்டில். மற்றையது அதே ஆண்டு யூலை மாதம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பயங்கரவாதத் தடைச் சட்டம். மூன்று வருடங்களுக்கு மட்டும் என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். 1982இல் அதை நிரந்தரமாக்கினார்கள். நாவலுக்கு நெபுலா, ஹியூகோ என்ற இரு பெரிய விருதுகளும் கிடைத்தன. சட்டம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ குடும்பங்களின் வாழ்க்கையைத் தீர்மானித்தது.

இந்த இரண்டையும் யாரும் சேர்த்து வாசிப்பதில்லை. விஞ்ஞானப் புனைகதை வாசிப்பவர்களுக்குச் சட்டம் தெரியாது. சட்டத்தால் ஊரை விட்டு ஓடியவர்களுக்கு நாவல் தெரியாது. அண்மைக்காலத்தில் இந்த நிலை மாறியிருக்கிறது. தீவிலிருந்து வரும் புதிய மாயப்புனைவு நாவல்கள் உலகெங்கும் வாசிக்கப்படுகின்றன. லண்டனிலும் ரொறொன்ரோவிலும் மெல்பேர்ணிலும் பிறந்து வளர்ந்த எமது பிள்ளைகளில் சிலர் 83 யூலையை முதன்முதலாகச் சந்திப்பதும் இவற்றில்தான். வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள். அதனால் இந்த நாவல்கள் எமது வரலாற்றை என்ன செய்கின்றன என்று கேட்கவேண்டியிருக்கிறது. அதற்குக் கிளார்க்கிலிருந்து தொடங்குவது நல்லது.

2

கிளார்க் 1956இல் இலங்கையில் குடியேறினார். செய்மதிகளைப் பூமத்திய ரேகைக்கு மேலே நிலையாக நிறுத்தி உலகம் முழுவதும் தொடர்புகொள்ளலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதியவர் அவர். ஆனால் அவரை இலங்கைக்கு இழுத்தது வானம் இல்லை, கடல். நண்பர் மைக் வில்சனுடன் சேர்ந்து தீவைச் சுற்றிச் சுழியோடினார். திருகோணமலையில் சுவாமிமலையின் அடியில், போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோவிலின் தூண்களைக் கடலடியில் கண்டார்கள். 1957இல் வந்த 'த றீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்' என்ற அவருடைய நூலில் அந்த அனுபவம் பதிவாகியிருக்கிறது. மைக் வில்சன் பின்னர் துறவியாகி, சுவாமி சிவகல்கி என்ற பெயருடன் கதிர்காமக் கந்தனின் அடியாராக வாழ்ந்தார். கிளார்க்குக்கு மதங்களில் நம்பிக்கை இருக்கவில்லை. அவர் கொழும்பில் தங்கி எழுதிக்கொண்டிருந்தார்.

1956 வேறொரு காரணத்துக்காகவும் எமக்கு ஞாபகம் இருக்கவேண்டிய ஆண்டு. தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டு அது. யூன் 5ஆம் திகதி காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். கிளார்க் ஒரு சொர்க்கத்தைக் கண்டடைந்த அதே வருடம், அதே ஊரில், இன்னொரு பகுதி மக்களுக்கு அது சொர்க்கமில்லை என்பது தெளிவாகிக்கொண்டிருந்தது.

இனி நாவலுக்கு வருவோம். விண்வெளி மின்தூக்கி என்பது கிளார்க்கின் கற்பனை மட்டுமில்லை. ரஷ்யப் பொறியியலாளர் யூரி ஆட்சுத்தானோவ் 1960இலேயே அந்த யோசனையை முன்வைத்திருந்தார். பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிலையாக நிற்கும் செய்மதியிலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிடவேண்டும். கயிற்றின் கீழ்நுனி பூமத்திய ரேகையில் இருக்கவேண்டும். இலங்கை பூமத்திய ரேகைக்கு வடக்கே அல்லவா இருக்கிறது? கிளார்க் தீவைத் தூக்கி ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தெற்கே வைத்தார். சிவனொளிபாதமலையின் உயரத்தை இரண்டு மடங்காக்கி அதற்கு ஸ்ரீகந்த என்று பெயரிட்டார். சிகிரியா யக்ககலவாயிற்று. தந்தையைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பன் காளிதாசன் ஆனான். தீவுக்குப் பழைய கிரேக்கப் பெயரான தப்ரபேன் என்பதையே வைத்தார்.

கிளார்க் செய்தது பௌதிகத்துக்காக. அதில் வேறு உள்நோக்கம் தேடுவது நியாயமில்லை. ஆனால் ஒரு தமிழ் வாசகர் அந்த வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இன்னொன்று கண்ணில் படும். தீவை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தினால் பாக்கு நீரிணை நீரிணையாக இருக்காது. கோடியக்கரைக்கும் பருத்தித்துறைக்கும் நடுவே ஒரு பெருங்கடல் வந்துவிடும். வள்ளத்தில் போய் வந்த கல்யாணங்கள், வியாபாரம், படையெடுப்பு, கள்ளக்கடத்தல், கடைசியாக அகதிப் படகு, எல்லாமே இல்லாமற் போகும். நாவலில் வரும் பழைய வரலாறு சிகிரியாவின் வரலாறு. வடக்கும் கிழக்கும் அந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை.

அதைவிட முக்கியமானது கதையின் முடிச்சு. மின்தூக்கி கட்டவேண்டிய மலையுச்சியில் ஒரு பௌத்த மடம் இருக்கிறது. பிக்குகள் இடம்தர மறுக்கிறார்கள். பொன்னிற வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை அடையும் நாளில் மடம் இடம்பெயரும் என்று ஒரு பழங்கதை உண்டு. காற்று திசைமாறி வண்ணத்துப்பூச்சிகள் உச்சிக்கு வந்துசேர்கின்றன. பிக்குகள் மலையைவிட்டு அமைதியாக இறங்கிப் போகிறார்கள். எதிர்காலம் வருகிறது, பழைமை வணங்கி வழிவிடுகிறது.

இதை எழுதியவர் இருபது வருடங்களுக்கு மேலாகக் கொழும்பில் வாழ்ந்தவர். 1958 ஏப்ரலில் பிக்குகள் பண்டாரநாயக்காவின் வீட்டுக்கு முன்னால் அமர்ந்து, செல்வநாயகத்துடன் அவர் செய்த ஒப்பந்தத்தைக் கிழிக்கவைத்தார்கள். அடுத்த வருடம் செப்ரெம்பரில் ஒரு பிக்குவே பண்டாரநாயக்காவைச் சுட்டார். கிளார்க் வாழ்ந்த காலத்துக் கொழும்பில் பிக்குகள் மலையைவிட்டு இறங்கியது உண்மை. ஆனால் அவர்கள் வந்து நின்றது அரசியலின் நடுவில். நாவலில் அவர்கள் விலகிப் போவதற்கு நேர்மாறானது அது.

கிளார்க் நாட்டின் துயரத்தைக் காணாதவர் என்று சொல்லமுடியாது. 2007 டிசம்பரில் தமது 90ஆவது பிறந்தநாளை ஒட்டி வெளியிட்ட காணொளியில் மூன்று ஆசைகளைச் சொன்னார். அவற்றில் ஒன்று இலங்கையில் நிலையான சமாதானம் வரவேண்டும் என்பது. 2008 மார்ச்சில் காலமானார். கொழும்பு கனத்தை மயானத்தில் அடக்கம் செய்தார்கள். 1983 யூலை 24ஆம் திகதி 13 இராணுவத்தினரின் இறுதிச்சடங்குக்காகக் கூட்டம் திரண்டது அதே மயானத்தில்தான். அன்றிரவு பொரளையில் தொடங்கிய நெருப்பு அங்கிருந்தே பரவியது.

3

தீவைக் கற்பனைக்குள் நகர்த்தியவர்களில் கிளார்க் முதலாமவர் இல்லை. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டளவில் பாளி மொழியில் எழுதப்பட்ட மகாவம்சத்தைப் பக்கச்சார்பு இல்லாமல் வாசித்தால் அது ஒரு முழுமையான மாயப்புனைவு. புத்தர் ஆகாயமார்க்கமாகத் தீவுக்கு வந்து இருளையும் புயலையும் உண்டாக்கி, இயக்கர்களை வேறொரு தீவுக்குத் துரத்துகிறார். சிங்கத்தின் பேரனான விஜயன் வந்திறங்குகிறான். குவேனி என்ற இயக்கி அவனுக்கு உதவுகிறாள். அவன் அவளைக் கைவிட்டு மதுரையிலிருந்து பாண்டிய இளவரசியை வரவழைத்து மணக்கிறான்.

எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு காட்சி உண்டு. எல்லாளனை வென்ற துட்டகைமுனு, கொல்லப்பட்ட ஆயிரமாயிரம் பேரை நினைத்து உறக்கமின்றித் தவிக்கிறான். அரகந்தர்கள் வான்வழியாக வந்து ஆறுதல் சொல்கிறார்கள். இறந்தவர்களில் மனிதர் என்று கணக்கெடுக்கவேண்டியவர்கள் ஒன்றரைப் பேர் மட்டுமே. மற்றவர்கள் தர்மத்தை ஏற்காதவர்கள், விலங்குக்குச் சமமானவர்கள். பறக்கும் துறவிகள் கற்பனை என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அந்தக் கணக்கு மட்டும் கற்பனையாக நின்றுவிடவில்லை. ஜோர்ஜ் ரேணர் 1837இல் மகாவம்சத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்டார். அதன்பின் அது நவீன வரலாற்று நூல்களுக்கும், அங்கிருந்து பாடப்புத்தகங்களுக்கும், மேடைப் பேச்சுகளுக்கும் வந்து சேர்ந்தது.

அரசு இன்றும் புராணத்திலிருந்து பெயர் எடுக்கிறது. 2019இல் விண்ணுக்குப் போன இலங்கையின் செய்மதிக்கு வைத்த பெயர் 'இராவணா-1'. ஒருகாலத்தில் நாம் எமதென்று சொன்ன இராவணன், புட்பக விமானத்தோடு சேர்த்து, இப்போது சிங்களத் தேசியத்தின் ஆதி விமானியும் ஆகிவிட்டான். கோணேசர் கோவிலடியில் இராவணன் வெட்டைப் பார்க்க வருபவர்கள் எந்தக் கதையைக் கேட்டுவிட்டு வருகிறார்கள் என்பதைப் பொறுத்து அந்தப் பாறையும் மாறுகிறது.

ஆகவே தீவில் மாயக்கதை என்பது சிறுவர் பொழுதுபோக்கு இல்லை. நிலம் யாருடையது, இறந்தவர்களில் யார் மனிதர் என்ற கேள்விகள் அந்த மொழியில்தான் தீர்க்கப்பட்டு வந்தன. அதே மொழியில் பதில் சொல்லவும் யாராவது வரவேண்டியிருந்தது.

4

வஜ்ர சந்திரசேகர கொழும்பைச் சேர்ந்தவர். 2023இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல் 'த செயின்ற் ஒஃப் ப்ரைட் டோர்ஸ்'. 'ஒளிரும் கதவுகளின் புனிதர்' என்று தமிழில் சொல்லலாம். நெபுலா விருது, முதல் மாயப்புனைவு நூலுக்கான கிறோபோர்ட் விருது, முதல் நாவலுக்கான லோகஸ் விருது மூன்றும் அதற்குக் கிடைத்தன.

கதாநாயகனின் பெயர் ஃபெட்டர், அதாவது தளை. புத்தரின் மகன் இராகுலனின் பெயருக்கு மரபாகச் சொல்லப்படும் பொருள் அது. தாயின் பெயர் 'புகழின் அன்னை' என்று வரும், அது யசோதரை. பிறந்தவுடன் தாய் அவனுடைய நிழலைப் பித்தளை ஆணியால் தரையில் அறைந்து பிய்த்தெடுக்கிறாள். அவனைக் கொலைகாரனாக வளர்க்கிறாள். மன்னிப்பில்லாத ஐந்து குற்றங்களை அவன் செய்யவேண்டும். பௌத்தத்தில் மிகப் பெரிய பாவங்களாகச் சொல்லப்படும் ஐந்தின் நிழல் அதில் இருக்கிறது. கடைசிக் குற்றம் தந்தையைக் கொல்வது. வீட்டைத் துறந்துபோன அந்தத் தந்தை இப்போது 'பூரணமானவரும் கருணையுள்ளவரும்' என்று உலகம் வணங்கும் ஞானி.

மகாவம்சத்தைப் படித்தவர்களுக்கு இது என்ன செய்கிறது என்று விளங்கும். கைவிடப்பட்ட மனைவியின் பக்கத்திலிருந்து புனித வரலாறு திரும்பச் சொல்லப்படுகிறது. குவேனிக்கும் யசோதரைக்கும் நடந்தது ஒன்றுதான் என்று நாவல் வெளிப்படையாகச் சொல்லவில்லை. நான் அப்படித்தான் வாசித்தேன். ஞானியின் மிகப் பெரிய வல்லமை பறப்பதோ நோய் தீர்ப்பதோ இல்லை. நேற்று நடந்ததை நடக்காததாக்கி, உலகம் எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று ஆக்கிவிடுவது. இயக்கர்களைத் துரத்திய கதையை இதைவிடக் கூர்மையாக யாரும் விமர்சித்து நான் வாசித்ததில்லை.

ஃபெட்டர் ஊரைவிட்டு லூரியட் என்ற பெருநகரத்துக்கு ஓடிப்போகிறான். கொழும்பின் சாயலுள்ள நகரம். அங்கே பல மதங்களின் 'தெரிவுசெய்யப்பட்ட' பிள்ளைகளாக வளர்க்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டவர்கள் சேர்ந்து ஒரு ஆறுதற் கூட்டம் நடத்துகிறார்கள். நாட்டுக்காக வளர்க்கப்பட்டு நாடில்லாமல் போனவர்களைத் தெரிந்த எமக்கு அந்தக் கூட்டம் சிரிப்பாகவும் இருக்கும், சுடவும் செய்யும். நகரத்தில் மூடியபடி விடப்பட்ட கதவுகள் சில ஒருநாள் திறக்கமுடியாத ஒளிரும் கதவுகளாகிவிடுகின்றன. அவற்றுக்கு மறுபக்கம் கிடையாது. அரசு அவற்றைப் பதிவுசெய்து, வர்ணம்பூசிப் பாதுகாக்கிறது. அவற்றினூடாகக் குளிர்காற்று வருவது ஒரு சிலருக்கே தெரிகிறது.

நாவலின் உச்சம் முகாம்கள் பற்றிய பகுதி. நோயைக் காரணம்காட்டி மக்களை இனம், சாதி என்று பிரித்து அடைக்கும் முகாம்கள். ஃபெட்டர் அவற்றினூடாக நடக்கிறான், நடக்கிறான், முடிவே வருவதில்லை. 2009இல் ஏறத்தாழ 3 லட்சம் பேர் செட்டிகுளத்தில் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டதை அறிந்தவர்கள் அந்தப் பக்கங்களைச் சாதாரணமாகக் கடந்துபோகமுடியாது. இனக்கலவரம் வரும்போது கூட்டத்தின் கையில் பட்டியல் இருப்பதும், பொலிஸ் விலகி நிற்பதும், மறுநாள் கடைகள் திறப்பதும் அவசரமோ அழுகையோ இல்லாத நிதானத்தோடு எழுதப்பட்டிருக்கின்றன.

எனக்கு இதில் ஒரு குறையும் உண்டு. லூரியட்டின் இனங்களும் சாதிகளும் கண்டுபிடிக்கப்பட்டவை. கொல்லப்படுபவர்களுக்கு எமக்குத் தெரிந்த பெயர் எதுவும் இல்லை. எமக்கு அது 83 என்று தெரியும். அமெரிக்க வாசகருக்கு அது உலகில் எங்கும் நடக்கக்கூடிய ஒரு கொடுமை. பெயர் நீங்கினால் கதை எல்லோருக்கும் பொதுவாகிறது. ஆனால் பெயருக்காகவே கொல்லப்பட்டவர்கள் விடயத்தில் அதை ஒரு இழப்பு என்றும் கணக்கில் எழுதவேண்டும். முடிவுப் பகுதியும் அவசரமாக ஓடுகிறது. கதையைச் சொல்வது யார் என்பது அங்கேதான் தெரியவருகிறது. அதை இங்கே உடைக்கப்போவதில்லை.

சந்திரசேகரவின் இரண்டாவது நாவல் 'றேக்ஸ்ஃபோல்' 2024இல் வந்தது. அடுத்த ஆண்டு அர்சுலா லெ குவின் பரிசைப் பெற்றது. இரண்டு உயிர்கள் பிறவி தோறும் சந்திக்கும் கதை. போர்க்காலக் காடு, காலனித்துவக் காலம், பூமியின் கடைசிக் காலம் என்று தாவித்தாவிப் போகிறது. முதல் நாவலைப் போலக் கைபிடித்துக் கூட்டிச் செல்வதில்லை. நூறு பக்கத்தில் கீழே வைத்துவிட்டால் யாரும் குறைசொல்லமுடியாது. பொறுமையாக வாசித்தால், கொலைகாரனும் கொல்லப்பட்டவனும் மறுபிறவியிலும் ஒருவரையொருவர் விட்டுப்போக முடியாத நிலையைக் காட்டும் பக்கங்கள் கிடைக்கும். மறுபிறவி என்ற பழைய நம்பிக்கையை மறதிக்கு எதிராகப் பயன்படுத்தும் எழுத்து அது.

5

2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மெய்டா' இன்னும் பரவலாக வாசிக்கப்பட்டது. போர்ப் புகைப்படக்காரன் ஒருவன் இறந்துபோய், மறுலோகத்தின் அலுவலகத்தில் கண்விழிக்கிறான். அவனுக்கு ஏழு நிலவுகள் அவகாசம். அதற்குள் தன்னைக் கொன்றது யாரென்று அறியவேண்டும். ஒளித்துவைத்த படங்களை வெளியே கொண்டுவரவேண்டும். அந்தப் படங்களில் 83இன் படங்களும் உண்டு. வீடுகள் எரிய அமைச்சர் பார்த்துக்கொண்டு நிற்கும் படம் உட்பட. இங்கே பெயர்கள் மறைக்கப்படவில்லை. அரசு, புலிகள், ஜேவிபி, இந்தியப்படை எல்லோருடைய பிணங்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. பகிடி கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று சில இடங்களில் தோன்றும். ஆனால் இறந்தவர்களை ஒரே அறையில் கூட்டிவைத்துப் பேசவிடப் பேய்க்கதையை விட்டால் வேறு வடிவம் இல்லை.

அந்த அறையில் வைத்திய கலாநிதி ராணி ஸ்ரீதரன் என்று ஒருவர் இருக்கிறார். கொல்லப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழக விரிவுரையாளர். ராஜினி திராணகமவை அறிந்தவர்கள் அவரை உடனே அடையாளம் காண்பார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட ஆசிரியரான ராஜினி, ஆயுதம் ஏந்திய எல்லாத் தரப்புகளின் கொடுமைகளையும் ஆவணப்படுத்தியவர்; 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களில் ஒருவர். 1989 செப்ரெம்பர் 21இல் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகளே கொன்றார்கள் என்று அவருடன் பணியாற்றியவர்கள் எழுதினார்கள். நாவலில் ராணி மறுலோகத்தின் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கிறார். மாலியை ஒளிக்குள் போகும்படி வற்புறுத்துகிறார். ஒளிக்குள் போனால் எல்லாம் மறந்துவிடும். மறக்கக்கூடாது என்று எழுதி அதற்காகவே உயிரை இழந்த பெண்ணை, மறதிக்கு வழிகாட்டும் அலுவலராக வைத்தது எனக்கு ஒப்பவில்லை. அது ஒரு அங்கதம் என்று வாதிடலாம். அப்படியென்றாலும் அதன் முள் தவறான இடத்தில் குத்துகிறது.

அதே பெண் இன்னொரு நாவலிலும் வருகிறார். அமெரிக்காவில் வாழும் வி. வி. கணேசானந்தன் எழுதிய 'பிரதர்லெஸ் நைற்' 2023இல் வந்து, அடுத்த ஆண்டு பெண்களுக்கான புனைகதைப் பரிசைப் பெற்றது. அதில் அஞ்சலி என்ற மருத்துவபீட ஆசிரியர் ராஜினியை ஒட்டிப் படைக்கப்பட்டவர். அந்த நாவலில் பேயில்லை, மாயமில்லை. யார் எங்கே எப்படி இறந்தார்கள் என்று ஒரு மருத்துவ மாணவி சாட்சி சொல்கிறாள். அனுக் அருட்பிரகாசத்தின் இரு நாவல்களும் யதார்த்தத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கின்றன.

தற்செயலாக அமைந்த பிரிவு இது என்று நான் நினைக்கவில்லை. தென்னிலங்கையிலிருந்து எழுதுபவர்கள் மாயப்புனைவுக்குப் போகிறார்கள்; தமிழர்கள் சாட்சியத்தில் நிற்கிறார்கள். தென்னிலங்கை எழுத்தாளருக்கு முன்னால் இருப்பது ஒரு பெரிய பொய்க்கதை. அதை உடைக்க அதே அளவு பெரிய கதை தேவை. எமக்கு முன்னால் இருந்தது மறுப்பு. யாரும் சாகவில்லை, முகாம் இல்லை, காணாமற்போனவர் என்று ஒருவரும் இல்லை என்ற மறுப்பு. அதற்குப் பதில் பெயர், திகதி, இடம். நடந்ததையே யாரும் நம்பாதபோது, நடக்காததை எழுத எமக்கு மனம் வரவில்லை.

6

ஆனால் நாம் கற்பனையை முற்றாக ஒதுக்கிவைத்தவர்கள் என்றும் சொல்லமுடியாது. அதை வேறு வேலைக்குப் பயன்படுத்தினோம். 1864இல் பிலிப் ஸ்கிளேற்றர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், லெமூர்கள் மடகஸ்காரிலும் அவற்றின் உறவினங்கள் இந்தியாவிலும் இருப்பதை விளக்க, கடலில் மூழ்கிய ஒரு கண்டத்தைக் கற்பனை செய்து லெமூரியா என்று பெயரிட்டார். கண்டங்கள் நகர்கின்றன என்பது தெரிந்தபின் விஞ்ஞானம் அதைக் கைவிட்டது. நாம் அதைக் குமரிக்கண்டமாக எடுத்துவைத்துக்கொண்டோம். வாரஇறுதித் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு அதை வரலாறென்று சொல்லிக்கொடுப்பவர்கள் இன்றும் உண்டு. கிளார்க் தீவைத் தெற்கே நகர்த்தியபோது அது கற்பனை என்று முன்னுரையிலேயே சொன்னார். நாம் எமது கண்டத்துக்கு அப்படியொரு முன்னுரை எழுதவில்லை.

சிங்களத் தேசியம் மகாவம்சத்தோடு செய்ததும் நாம் குமரிக்கண்டத்தோடு செய்ததும் அளவில் ஒன்றில்லை. முன்னதன் பின்னால் அரசும் இராணுவமும் இருந்தன. ஆனாலும் பழக்கம் ஒன்றே. நேற்றைப் பெரிதாக்கி இன்றைய கேள்விகளிலிருந்து தப்பித்துக்கொள்வது. ராஜினியைக் கொன்றது யார் என்ற கேள்வியும், 1990இல் முஸ்லிம் மக்களை வடக்கிலிருந்து வெளியேற்றியது ஏன் என்ற கேள்வியும் மூழ்கிய கண்டத்தின் பெருமைக்கு அடியில் நன்றாக மறையும்.

வேறு வழியும் எமக்குள்ளேயே இருந்தது. சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் ஒரு சர்வாதிகார எதிர்காலத்தையும் பேசும் நாய்க்குட்டி இயந்திரத்தையும் வைத்து அரசைக் கேள்வி கேட்டார். வார இதழில் தொடராக வாசித்த பிள்ளைகளும் புரிந்துகொண்டார்கள். மெல்பேர்ணில் வாழும் ஜே.கே. 'கந்தசாமியும் கலக்சியும்' என்று ஒரு நாவலே எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்துக் கந்தசாமி தன் பேச்சுத் தமிழோடும் பகிடியோடும் விண்வெளிக்குப் போகிறார். அழுகையின்றி எம்மை நாமே பார்த்துச் சிரிக்க இடம்தரும் புத்தகம் அது. இப்படியான புத்தகங்கள் எமது வாசிப்புக் கூட்டங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. போர் இல்லாத எழுத்து இலக்கியமாகுமா என்ற தயக்கம் எம்மிடம் இருக்கிறது. மாயமுள்ள எழுத்தில் போரைப் பற்றிப் பேசமுடியுமா என்ற தயக்கம் அதைவிடப் பெரிது.

சாட்சியத்தின் காலம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் படங்களோடு தெருவில் இருக்கும்வரை அது முடியாது. ஆனால் சாட்சி சொல்லக்கூடியது கண்டவர் கண்டதை மட்டும். இங்கு பிறந்த பிள்ளைகள் எதையும் காணவில்லை. பெற்றோர் சொல்லாமல் விட்டதும், பாதி சொன்னதும், நித்திரையில் உளறியதும்தான் அவர்களிடம் இருக்கின்றன. அவர்களைப் போய் நடந்ததை எழுது என்று கேட்பது நியாயமில்லை. திறக்கமுடியாத கதவின் இடுக்கால் குளிர்காற்று வருவதை உணர்பவர்கள் அவர்கள். சந்திரசேகரவின் நாவலை அவர்கள் எங்களைவிட வேகமாகப் புரிந்துகொள்வதில் வியப்பில்லை.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாகின. கட்டடத்தைத் திரும்பக் கட்டி வெள்ளையடித்துத் திறந்துவிட்டார்கள். எரிந்த நூல்களை அதில் வைக்கமுடியாது. ஒரு நாவலில் வைக்கலாம். ஓர் இரவில் அந்த நூலகத்தின் அலுமாரிகளில் எரிந்த புத்தகங்கள் எல்லாம் திரும்பி வந்து இருக்கின்றன, காலையில் நூலகர் கதவைத் திறக்கிறார் என்று ஒரு கதை தொடங்கலாம். அவர் அரசுக்கு அறிவிப்பாரா, ஊருக்குச் சொல்வாரா, கதவை மறுபடி பூட்டுவாரா? அந்தப் புத்தகங்களில் எமக்குப் பிடிக்காதவையும் இருந்தால் என்ன செய்வார்? இதை எந்த மொழியில் எழுதினாலும் சரி. எழுதப்போகிறவருக்கு இப்போது வயது பதினெட்டோ இருபதோ இருக்கும். அவர் கையில் டிராகன் படம்போட்ட தடித்த புத்தகத்தைக் கண்டால் பறித்துவைக்காமல் விட்டுவிடுங்கள்.